புகார் எழுதும் முன்பே வக்கீல்: அலுவலக முறைகேட்டை வெளியே சொல்லப் போகிறவருக்கு

நம் ஊரில் புகார் மனு என்றால் அதன் அடியில் ஒரு பட்டியல் இருக்கும். நகல்: மாண்புமிகு முதலமைச்சர் தனிப்பிரிவு, மாவட்ட ஆட்சித் தலைவர், காவல் கண்காணிப்பாளர், லஞ்ச ஒழிப்புத் துறை, குடியரசுத் தலைவர், அப்புறம் நாலு பத்திரிகை ஆசிரியர்கள். பத்துப் பேருக்குப் போட்டால் ஒருவராவது பார்ப்பார் என்ற கணக்கு. தெருவிளக்கு எரியவில்லை என்றால் இந்தக் கணக்கு சரிதான். ஆனால் நீங்கள் வேலை பார்க்கும் அலுவலகத்திலோ கம்பெனியிலோ நடக்கும் திருட்டைச் சொல்ல இதே வழியில் போனால், அந்த மனு படிப்படியாகக் கீழே இறங்கி, "உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்படுகிறது" என்ற குறிப்போடு யார் மீது புகார் சொன்னீர்களோ அவர் மேசைக்கே வந்து சேரும். உங்கள் பெயர், முகவரி, செல்போன் எண் எல்லாம் முதல் பக்கத்திலேயே இருக்கும்.

டெண்டர் பிரிவு உதவியாளர், வங்கி எழுத்தர், கம்பெனி அக்கவுண்டன்ட், ஆய்வக டெக்னீஷியன் என்று உள்ளே இருந்துகொண்டு முறைகேட்டைக் கண்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்தியச் சட்டத்தில் இவர்களுக்குப் பாதுகாப்பே இல்லை என்று சொல்ல முடியாது. முழுமையாக இருக்கிறது என்றும் சொல்ல முடியாது. துண்டு துண்டாக இருக்கிறது; ஒன்றைப் பிடிக்க இன்னொன்றை விட வேண்டியிருக்கும். எதை முதலில் செய்கிறீர்கள் என்பதில்தான் பாதிக் காரியம் அடங்கியிருக்கிறது. வக்கீலைப் புகாருக்குப் பிறகு தேடாதீர்கள், முன்பே தேடுங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது.

சட்டம் எங்கே நிற்கிறது

2003 நவம்பர் 27 அன்று பீகாரின் கயாவில் சத்யேந்திர துபே சுட்டுக் கொல்லப்பட்டார். கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்து, தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தில் பொறியாளராக இருந்தவர். தங்க நாற்கரச் சாலைத் திட்டத்தின் முறைகேடுகளைப் பற்றிப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதியவர். பெயரை ரகசியமாக வைக்கும்படி அந்தக் கடிதத்திலேயே கேட்டிருந்தார். கடிதம் பெயரோடு கைமாறியது. அந்தக் கொலை எழுப்பிய கொந்தளிப்பில், உச்ச நீதிமன்றமும் தலையிட்ட பிறகு, 2004 ஏப்ரல் 21 அன்று மத்திய அரசு ஒரு தீர்மானம் கொண்டுவந்தது. பொதுநலத் தகவல் வெளிப்படுத்துதல் மற்றும் தகவல் தருவோர் பாதுகாப்புத் தீர்மானம் என்று நீளமான பெயர், சுருக்கமாக பி.ஐ.டி.பி.ஐ. (PIDPI). புகாரைப் பெற, மத்திய அரசு ஊழியர்களின் ஊழலைக் கண்காணிக்கும் மத்திய விஜிலென்ஸ் ஆணையத்துக்கு அதிகாரம் கொடுக்கப்பட்டது. இன்றைக்கும் ஓடிக்கொண்டிருப்பது இந்தத் தீர்மானம்தான்.

விசில் ப்ளோயர், அதாவது முறைகேட்டை அம்பலப்படுத்துபவர், பாதுகாப்புக்கென்று முழுமையான சட்டம் ஒன்றும் இருக்கிறது. 2014-ல் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, அந்த ஆண்டு மே மாதம் குடியரசுத் தலைவர் ஒப்புதலும் பெற்றது. புகார்தாரரின் அடையாளத்தை வெளியிடுபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, மாநில அரசு ஊழியர் மீதும் புகார் சொல்லும் வழி, பழிவாங்கவில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு நிர்வாகத்தின் தலையில் என்று நல்ல விஷயங்கள் பல அதில் உண்டு. நடைமுறைக்கு வரும் தேதியை மட்டும் மத்திய அரசு அறிவிக்கவே இல்லை. 2015-ல் மக்களவையில் நிறைவேறிய ஒரு திருத்த மசோதாவும் மாநிலங்களவையில் தேங்கிக் கிடந்து 2019-ல் காலாவதியானது. இந்தச் சட்டத்தின் பிரிவுகளை இணையத்தில் படித்துவிட்டுத் தைரியமாகக் கிளம்புகிறவர்கள் உண்டு. அதைக் காட்டியே மனுப் போட்டுவிடலாம் என்று உங்கள் வக்கீலே சொன்னால், வேறு வக்கீலைப் பாருங்கள்.

யார் மீது புகார் என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

தப்பு எவ்வளவு பெரியது என்பதை விட, தப்புச் செய்தவர் யாருடைய ஊழியர் என்பதுதான் பாதையைத் தீர்மானிக்கும். ரயில்வே, அரசுடைமை வங்கி, எல்.ஐ.சி., நெய்வேலி என்.எல்.சி., திருச்சி பெல், சென்னைத் துறைமுகம், வருமான வரி அலுவலகம் போன்றவை மத்திய வகை. வட்டாட்சியர் அலுவலகம், பத்திரப்பதிவு, நெடுஞ்சாலைத் துறை, மின்வாரியம், மாநகராட்சி, ஊராட்சி ஆகியவை மாநில வகை. மூன்றாவது, தனியார் கம்பெனி. அதிலும் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்டதா இல்லையா என்பது முக்கியம்.

பலர் தடுக்கி விழுவது இங்கேதான். பிரதமர் வீடு கட்டும் திட்டத்தில் பணம் டெல்லியிலிருந்து வந்ததாக இருக்கலாம். பயனாளியிடம் கமிஷன் வாங்கியவர் ஊராட்சி ஊழியர் என்றால் அது மாநிலப் புகார். அதை விஜிலென்ஸ் ஆணையத்துக்கு பி.ஐ.டி.பி.ஐ. உறையில் போட்டால், அவர்களுக்கு அதில் அதிகாரமில்லை.

வக்கீலைத் தேடுவது

உள்ளூர் நீதிமன்ற வளாகத்தில் தெரிந்த வக்கீலிடம் போவதுதான் வழக்கம். இந்த விஷயத்தில் அது ஆபத்து. மாவட்டத் தலைநகரங்களில் ஒரே வக்கீல் வங்கிக்குப் பேனல் வக்கீலாகவும், நகராட்சிக்கு ஆலோசகராகவும், ஒப்பந்தக்காரருக்குக் குடும்ப வக்கீலாகவும் இருப்பார். ஆகவே விஷயத்தைச் சொல்லும் முன் துறையின் பெயரையும் எதிர்த்தரப்பின் பெயரையும் மட்டும் சொல்லி, "இவர்களுக்காக நீங்களோ உங்கள் சீனியரோ ஆஜராகிறீர்களா?" என்று கேளுங்கள். ஆம் என்றால் நன்றி சொல்லிவிட்டு எழுந்துவிடுங்கள். முடிந்தால் வேறு ஊர் வக்கீலே நல்லது. தென் மாவட்டக்காரர்கள் மதுரைக் கிளையிலும், மற்றவர்கள் சென்னை உயர் நீதிமன்றத்திலும் பழகும் வக்கீலைப் பார்க்கலாம். அரசு ஊழியராக இருந்தால் சர்வீஸ் வழக்குகள் நடத்துபவர் வேண்டும். கம்பெனி விவகாரமென்றால் செபி எனப்படும் பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு வாரியத்தின் விதிகளும் கம்பெனிச் சட்டமும் தெரிந்தவர். குற்ற வழக்கில் பெயரெடுத்த பெரிய வக்கீலுக்கு, மாநில அரசு ஊழியருக்கு வரும் 17(ஆ) குற்றச்சாட்டு மெமோவுக்கு எப்படிப் பதில் எழுதுவது என்று தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

வக்கீலிடம் சொன்னது வெளியே போகாது என்பதற்குச் சட்டமே உத்தரவாதம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 132-வது பிரிவுப்படி, வக்கீல் என்ற முறையில் தன்னிடம் கட்சிக்காரர் சொன்னதை அவர் சம்மதமில்லாமல் வக்கீல் வெளியிடக் கூடாது. வக்கீலின் குமாஸ்தாவுக்கும் ஊழியருக்கும் இதே கட்டுப்பாடு உண்டு. குற்றம் செய்வதற்காகக் கேட்ட ஆலோசனைக்கு மட்டும் இந்தக் காப்பு கிடையாது. பக்கத்து இருக்கை நண்பர், சங்கச் செயலாளர், பத்திரிகை நிருபர் இவர்களில் யாருக்கும் இப்படி ஒரு சட்டக் கடமை இல்லை. முதலில் வாய் திறக்க வேண்டிய இடம் வக்கீல் அலுவலகம் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

முதல் சந்திப்புக்கு அலுவலக நேரத்தில் போகாதீர்கள். அலுவலக போனிலிருந்து அழைக்காதீர்கள். நடந்ததைத் தேதிவாரியாக ஒரே பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள். ஆலோசனைக் கட்டணம் எவ்வளவு, புகார் வரைவுக்கு எவ்வளவு, பின்னால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட நேர்ந்தால் எவ்வளவு என்று தனித்தனியாகக் கேளுங்கள். கேட்கக் கூச்சப்படுகிறவர்கள்தான் பாதியில் பணமில்லாமல் நிற்பார்கள். வக்காலத்தில் உடனே கையெழுத்துப் போட வேண்டியதில்லை. நீதிமன்றத்தில் ஆஜராகத்தான் வக்காலத்து வேண்டும், ஆலோசனைக்கு வேண்டாம்.

ஓர் எச்சரிக்கை. சில வக்கீல்களுக்கு எந்தப் பிரச்சினை வந்தாலும் முதலில் லீகல் நோட்டீஸ் அனுப்பிப் பழக்கம். கடன் பாக்கிக்கு அது சரி. முறைகேட்டைச் சொல்லப் போகிறவர் எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் அனுப்புவது, திருடனுக்குத் தந்தி கொடுத்துவிட்டு போலீசுக்குப் போவது மாதிரி. வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

கையில் பணமில்லை என்றால், மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 1987-ம் ஆண்டுச் சட்டப்படி பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் போன்றோருக்கு வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு. 15100 என்ற எண்ணில் கூப்பிட்டு விசாரிக்கலாம். ஒதுக்கப்படும் வக்கீலிடமும் அதே கேள்வியைக் கேட்க மறக்காதீர்கள்: எதிர்த்தரப்புக்கு ஆஜராகிறீர்களா?

ஆதாரம் சேர்ப்பது

உங்கள் வேலையின் பகுதியாக உங்கள் கைக்கு வரும் காகிதம் ஒரு வகை. அடுத்தவர் பீரோவைத் திறந்து எடுப்பது வேறு வகை. முதலாவதைப் பற்றி வக்கீலோடு பேசலாம். இரண்டாவதைச் செய்யவே செய்யாதீர்கள். ஆவணம் எந்த வழியில் வந்தது என்பதற்காகவே நீதிமன்றம் அதைத் தள்ளிவிடாது என்பது உண்மைதான். ரஃபேல் போர் விமானக் கொள்முதல் பற்றிய சீராய்வு மனுவில் கசிந்த கோப்புகளை ஏற்பதற்கு மத்திய அரசு எதிர்ப்புத் தெரிவித்தபோது, 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த எதிர்ப்பை நிராகரித்தது. ஆனால் நீதிமன்றம் ஆவணத்தை ஏற்பது வேறு, அதை எடுத்ததற்காக உங்கள் மேல் திருட்டு வழக்கோ ஒழுங்கு நடவடிக்கையோ வராமலிருப்பது வேறு. முதலாவது நடந்ததால் இரண்டாவதும் நடந்துவிடாது.

அலுவலகக் கம்ப்யூட்டரிலிருந்து சொந்த ஜிமெயிலுக்குக் கோப்பு அனுப்புவதும், பென் டிரைவ் சொருகுவதும், அலுவலக பிரிண்டரில் நகலெடுப்பதும் பதிவாகும். யார், எப்போது என்று பிறகு எடுத்துப் பார்ப்பார்கள். பெரும்பாலும் அம்பலப்படுத்தியவர் யார் என்று கண்டுபிடிப்பது இப்படித்தான். கோப்பு எண், தேதி, பில் எண், அளவுப் புத்தகத்தின் பக்க எண் இவற்றைக் குறித்துக்கொண்டாலே பல நேரம் போதும். எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்துவிட்டால் எடுத்துக்கொள்ளும் அதிகாரம் விசாரணை அமைப்புக்கு உண்டு.

கோப்பு எண் தெரிந்தவருக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பெரிய வரப்பிரசாதம். எந்த இந்தியக் குடிமகனும் கேட்கலாம்; ஏன் கேட்கிறீர்கள் என்று சொல்ல வேண்டியதில்லை; 30 நாளில் பதில் தர வேண்டும். ஆனால் மனு அதே அலுவலகத்துக்குத்தான் போகும். சரியான கோப்பு எண்ணோடு ஒரு கேள்வி வந்தாலே, உள்ளே இருக்கும் யாரோ எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள் என்று மோப்பம் பிடிப்பார்கள். ஆகவே உங்கள் பெயரில் வேண்டாம். ஒரே கோப்பைக் குறிவைக்காமல், அந்த ஆண்டின் எல்லாப் பணிகளின் பட்டியலையும் கேட்கும் மனுவாக வக்கீல் மூலம் யோசித்துச் செய்யுங்கள்.

போனில் பதிவு செய்த பேச்சு, வாட்ஸ்அப் செய்தி, புகைப்படம் எல்லாம் மின்னணுச் சாட்சியம். அவை நீதிமன்றத்தில் ஏற வேண்டுமானால் அதே சாக்ஷ்ய அதினியத்தின் 63-வது பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும். கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் ஹாஷ் மதிப்பு என்ற குறியீடும் அதில் எழுதப்பட வேண்டும். எனவே பதிவான போனை விற்காதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள், ஆடியோவை வெட்டி ஒட்டாதீர்கள். முழுப் பதிவும் அதே கருவியில் இருக்கட்டும். நாட்குறிப்பு ஒன்றும் எழுதி வாருங்கள். இன்ன தேதி, இன்ன இடம், யார் இருந்தார்கள், என்ன சொன்னார்கள். அன்றன்றைக்கு எழுதியதற்குத்தான் மதிப்பு.

மத்திய அரசு ஊழியர் மீது என்றால்

பி.ஐ.டி.பி.ஐ. வழியின் விதிகள் சின்னவை, ஆனால் ஒன்றைத் தவறினாலும் காப்பு போய்விடும். புகார் மூடிய உறையில், டெல்லி சதர்க்கதா பவனில் இருக்கும் மத்திய விஜிலென்ஸ் ஆணையத்தின் செயலாளருக்குப் போக வேண்டும். உறையின் மேல் பொதுநலத் தகவல் வெளிப்பாட்டின் கீழ் வரும் புகார் என்று, அல்லது பி.ஐ.டி.பி.ஐ. என்ற ஆங்கில எழுத்துகளைப் பெரிதாக எழுத வேண்டும். அது இல்லாவிட்டால் சாதாரணப் புகாராகத்தான் எடுத்துக்கொள்வார்கள். உறையின் மேல் அனுப்புநர் பெயர் கூடாது. தபால் அலுவலகத்தில் அனுப்புநர் முகவரி கேட்டு மறுத்தால், இத்தகைய உறைகளுக்கு அதைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று தபால் துறையின் அறிவுறுத்தலே இருப்பதைச் சொல்லுங்கள். உங்கள் ஊரில் போஸ்ட் மாஸ்டர் தெரிந்தவர் என்றால், பஸ் ஏறி வேறு ஊர் தபால் நிலையத்துக்குப் போங்கள்.

உள்ளே பெயரும் முகவரியும் கட்டாயம். மொட்டைக் கடிதத்தை அவர்கள் எடுத்துக்கொள்வதில்லை. பெயரைத் தனித்தாளில் எழுதி இணைப்பது நல்லது; புகார் தாள் தனியாகப் பயணம் போகும் என்ற நினைப்போடு எழுதுங்கள். இமெயிலில் அனுப்பக் கூடாது. வேறு எவருக்கும் நகல் போடவே கூடாது. நம் மனுப் பழக்கத்துக்கு இதுதான் கஷ்டமான விதி. ஆணையம் உங்களுக்குக் கடிதம் எழுதி, இது நீங்கள் எழுதியதுதானா, இதே புகாரை வேறு எங்கும் கொடுக்கவில்லையா என்று கேட்கும். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். முன்பே முதல்வர் தனிப்பிரிவுக்கும் ஒன்று தட்டிவிட்டிருந்தீர்கள் என்றால் இந்த உறுதியை உண்மையாகக் கொடுக்க முடியாது. பொய்யாகக் கொடுக்காதீர்கள்.

உறையைப் போட்ட பிறகு ரசீது வராது. என்ன ஆயிற்று என்று நினைவூட்டல் எழுதாதீர்கள்; எழுத வேண்டாம் என்று ஆணையமே சொல்கிறது. மேலும் விவரம் தேவைப்பட்டால் அவர்களே தொடர்பு கொள்வார்கள். மாதக்கணக்கில் நீளும் இந்த மௌனம்தான் இந்த வழியின் பெரிய வேதனை. பொறுக்க முடியாமல் யாரிடமாவது சொல்லிவிடுகிறவர்கள் தங்களைத் தாங்களே காட்டிக்கொடுத்துவிடுகிறார்கள். புகார் போட்டதால் பழிவாங்கப்படுகிறீர்கள் என்றால் மட்டும் ஆணையத்துக்கு மீண்டும் எழுதலாம். துறைக்கு உத்தரவிடும் அதிகாரம் அதற்கு உண்டு.

மாநில ஊழியர் மீது என்றால்

இங்கே பெயர் காக்கும் தனி ஏற்பாடு பலவீனம். லஞ்ச ஒழிப்புத் துறை 1964 முதல் இருக்கிறது. தலைமையகம் சென்னை ஆலந்தூரில், மாவட்டங்களில் கிளைகள். ஒருவர் உங்களிடம் லஞ்சம் கேட்கிறார் என்றால் இதுவே நேர் வழி. எழுத்தில் புகார் வாங்கி, நீங்கள் கொண்டுபோகும் நோட்டில் பினாப்தலின் என்ற ரசாயனப் பொடியைத் தடவி, அதை வாங்கியவரின் கையை சோடியம் கார்பனேட் கரைசலில் முக்கி, கரைசல் இளஞ்சிவப்பாக மாறுவதைச் சாட்சிகள் முன் பதிவு செய்வார்கள். வேறு வழியின்றி ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால், ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பதும் குற்றம் என்பதை நினைவில் வையுங்கள். கட்டாயத்தின் பேரில் கொடுத்தவர் 7 நாளுக்குள் தெரிவித்தால்தான் தப்ப முடியும். இந்த 7 நாளுக்குள் வக்கீலைப் பார்த்துவிடுங்கள்.

டெண்டர், நிலம், பில் மோசடி போன்றவை வேறு. அவை அதிகாரியின் முடிவைப் பற்றிய புகார் என்பதால், விசாரணை தொடங்கவே அரசின் முன் அனுமதி வேண்டும் என்கிறது ஊழல் தடுப்புச் சட்டத்தின் 17ஏ பிரிவு. கையும் களவுமாகப் பிடிக்கும் வழக்குக்கு இந்த அனுமதி தேவையில்லை. அனுமதிக் கோப்பு துறை வழியாகப் போகிறது என்றால் என்ன நடக்கும் என்பதை நீங்களே ஊகிக்கலாம். எனவே புகாரின் வாசகத்தில் உங்களைச் சுட்டும் எந்தத் தடயமும் இருக்கக் கூடாது. "நான் கூட்டத்தில் இருந்தபோது", "எனக்கு மெமோ கொடுத்த பிறகு" என்ற வாக்கியங்களை வக்கீல் சிவப்பு மையால் அடிக்கட்டும். மூன்று பேருக்கு மட்டும் தெரிந்த விஷயத்தை எழுதினால் நீங்கள் அந்த மூவரில் ஒருவர் என்பது தெரிந்துவிடும். பத்துப் பேர் பார்த்திருக்கக் கூடிய ஆவணத்தை முன்னால் வையுங்கள்.

ஊழல் புகார்களை விசாரிக்கும் தமிழ்நாட்டு லோக் ஆயுக்தா 2018-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்தது. அமைச்சர்கள், சட்டமன்ற உறுப்பினர்கள், அதிகாரிகள் மீது புகார் கொடுக்கலாம். முறையான படிவமும் பிரமாணப் பத்திரமும் வேண்டும் என்பதால் வக்கீல் இல்லாமல் முயல வேண்டாம்.

கம்பெனி ஊழியர் என்றால்

பட்டியலிடப்பட்ட கம்பெனிகளும், பொதுமக்களிடம் டெபாசிட் வாங்கும் கம்பெனிகளும், வங்கிகளிடமும் பொது நிதி நிறுவனங்களிடமும் 50 கோடி ரூபாய்க்கு மேல் கடன் வாங்கியவையும் ஊழியர் புகாருக்கான ஏற்பாட்டை வைத்திருக்க வேண்டும் என்கிறது 2013 கம்பெனிச் சட்டத்தின் 177-வது பிரிவு. தேவைப்பட்டால் தணிக்கைக் குழுத் தலைவரையே நேரடியாக அணுகலாம். எச்.ஆர். மேனேஜரிடம் போவதை விட இது எத்தனையோ மேல். கம்பெனி இணையதளத்தில் விசில் ப்ளோயர் பாலிசி இருக்கும். அதை இறக்கி வக்கீலிடம் காட்டுங்கள். பாதுகாப்பு பற்றி எழுதியிருக்கும் வாசகத்தைக் கம்பெனி மீறினால், அதே வாசகம் பிறகு உங்கள் கையில் ஆயுதம்.

உட்தகவல் வணிகம் என்றால், அதாவது கம்பெனியின் ரகசியத்தைத் தெரிந்துகொண்டு பங்கு வாங்கி விற்பது என்றால், இந்தியாவிலேயே நல்ல ஏற்பாடு செபியிடம் இருக்கிறது. 2019 டிசம்பரில் வந்தது. தகவலை உங்கள் பெயரில் கொடுக்காமல் வக்கீல் மூலம் கொடுக்கலாம். உங்கள் அடையாளத்தைச் சரிபார்த்து, நீங்கள் கையெழுத்திட்ட மூலப் படிவத்தை அவர் தன்னிடமே வைத்துக்கொண்டு சான்று அளிப்பார். தகவலால் வசூலாகும் தொகையில் 10 சதவீதம் வரை, அதிகபட்சம் 10 கோடி ரூபாய் வரை வெகுமதியும் உண்டு. செபிக்குச் சொல்லக் கூடாது என்று வேலை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியிருந்தாலும் அது செல்லாது. மற்ற வழிகளும் இப்படி இருந்திருக்கலாமே என்று தோன்றும்.

உங்கள் கம்பெனியின் சரக்கு அமெரிக்காவுக்குப் போகிறது, அல்லது அந்த நாட்டுப் பங்குச்சந்தையில் இருக்கிறது என்றால் அங்கத்திய சட்டமும் திறந்திருக்கலாம். ரான்பாக்சி மருந்துக் கம்பெனியின் ஆய்வுத் தரவு மோசடியை வெளியே கொண்டுவந்த தினேஷ் தாக்குர் அந்த வழியில்தான் போனார். 2013-ல் கம்பெனி குற்றத்தை ஒப்புக்கொண்டு 50 கோடி டாலர் கட்டியது, அவருக்கு 4.8 கோடி டாலருக்கு மேல் கிடைத்தது. அங்கே அந்த வழக்கு வக்கீல் மூலமாகத்தான், முதலில் மூடிய உறையில்தான் தாக்கலாகும். விஷயம் பத்திரிகையில் வந்த பிறகு போனால் கதவு பெரும்பாலும் மூடிவிடும்.

சிறிய பிரைவேட் லிமிடெட் கம்பெனியில் வேலை பார்ப்பவருக்கு இவை எதுவும் இல்லை. வரி ஏய்ப்பு என்றால் வருமான வரித்துறையின் தகவல் தருவோர் வெகுமதித் திட்டம் இருக்கிறது. மற்றபடி வேறு வேலை பார்த்துக்கொண்டு பிறகு சொல்வதே புத்திசாலித்தனம். கோழைத்தனமாகத் தெரியலாம், வீட்டு வாடகை கட்ட வேண்டியது நீங்கள்.

பழிவாங்கல் தொடங்கினால்

யாரும் "புகார் சொன்னாய், அதனால் நீக்குகிறேன்" என்று எழுத மாட்டார்கள். தாமதமாக வந்ததற்கு மெமோ, நான்கு வருடத்துக்கு முந்தைய கோப்பில் பிழை, தூரத்து ஊருக்கு மாறுதல் என்று வரும். எந்த மெமோவுக்கும் கோபத்தில் பதில் எழுதாதீர்கள். பெற்றுக்கொண்ட தேதியைப் போட்டுக் கையெழுத்திட்டு வாங்குங்கள், சம்பந்தப்பட்ட ஆவண நகல்களை எழுத்தில் கேளுங்கள், வக்கீல் வரைந்த பதிலைக் கெடுவுக்குள் கொடுங்கள். மாநில அரசு ஊழியருக்கு 17(அ) என்றால் சிறு தண்டனைக்கான குற்றச்சாட்டு, 17(ஆ) என்றால் பெரிய தண்டனைக்கானது, 17(உ) என்றால் தற்காலிகப் பணிநீக்கம். 17(ஆ) வந்த அன்றே ரிட் போட வேண்டும் என்று பதறாதீர்கள்; குற்றச்சாட்டு நிலையில் தலையிட உயர் நீதிமன்றம் பொதுவாகத் தயங்கும். புகாருக்கும் மெமோவுக்கும் இடையிலான தேதித் தொடர்பைக் காட்ட முடிந்தால் கதை வேறு. நாட்குறிப்பு இங்கேதான் கைகொடுக்கும். மத்திய அரசுத் துறைகளின் ஊழியர்கள் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும்.

பத்திரிகைக்கும் முகநூலுக்கும் போவது கடைசி வழி. குஜராத்தின் காக்ராபார் அணுமின் நிலையத்தில் வேலை பார்த்த ஒருவர், 1994 வெள்ளத்தின்போது உள்ளே தண்ணீர் புகுந்ததைப் பற்றிப் பத்திரிகைக்கு எழுதினார். வேலை போயிற்று. 2013-ல் உச்ச நீதிமன்றம் அவரை விசில் ப்ளோயராகவே ஏற்கவில்லை. மேலதிகாரிகளிடம் முறையாகச் சொல்லாமல் நேரே பத்திரிகைக்குப் போனது அவருக்கு எதிராக நின்றது. எனக்கு அந்தத் தீர்ப்பில் உடன்பாடில்லை. ஆனால் உங்களுக்கு எதிராக எடுத்துக் காட்டப்படும் முதல் தீர்ப்பு அதுவாகத்தான் இருக்கும். அதிகாரம் உள்ளவரிடம் நல்லெண்ணத்தோடு கொடுத்த புகாருக்கு அவதூறுச் சட்டத்தில் விலக்கு உண்டு. முகநூல் பதிவுக்கு அந்த விலக்கு கிடைக்கும் என்று நம்ப முடியாது.

உயிருக்கு அச்சுறுத்தல் என்றால்

மணல், கல் குவாரி, நிலம் என்றால் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மணல் கடத்தல் பற்றிப் புகார் கொடுத்த கிராம நிர்வாக அலுவலர் லூர்து பிரான்சிஸ், 2023 ஏப்ரல் 25 அன்று தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டில் தன் அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். குவாரி முறைகேடுகளுக்கு எதிராக மனு கொடுத்து வந்த திருமயம் ஜகபர் அலி, 2025 ஜனவரியில் லாரி மோதி இறந்தார். அது கொலை வழக்காகி சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது.

மிரட்டல் வந்தால் காவல் நிலையத்தில் எழுத்தில் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். உள்ளூர் நிலையத்தில் நம்பிக்கை இல்லையென்றால் காவல் கண்காணிப்பாளருக்கு ஸ்பீட் போஸ்டில். வழக்குப் பதிவாகி நீங்கள் சாட்சி என்றால், உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பரில் நாடு முழுவதற்கும் சட்டமாக அறிவித்த சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தின் கீழ் மனுப் போடலாம். மாவட்ட நீதிபதி தலைமையிலான குழு அதைப் பார்க்கும், டி.எஸ்.பி. நிலையில் உள்ள அதிகாரி அச்சுறுத்தல் அறிக்கை தர வேண்டும். பாதுகாப்பு, தற்காலிக இடமாற்றம், அடையாளத்தை மறைத்துச் சாட்சி சொல்வது வரை அதில் வழி உண்டு. பல காவல் நிலையங்களில் இந்தத் திட்டத்தின் பெயரே தெரியாது. மனுவை வக்கீல் நேராக அந்தக் குழுவிடமே கொடுக்கட்டும்.

சம்மன் வரும் நாள்

வழக்கு நீதிமன்றத்துக்கு வர ஆண்டுகள் ஆகும். மதுரை ஆட்சியராக இருந்த உ. சகாயம் கிரானைட் முறைகேடு பற்றி அரசுக்கு எழுதியது 2012-ல், விரைவிலேயே மாற்றப்பட்டார். 2014-ல் உயர் நீதிமன்றம் அதை விசாரித்து அறிக்கை தர அவரையே சட்ட ஆணையராக நியமித்தது. அந்த விவகாரத்தில் சாட்சி சொல்ல 2025-ல் அழைப்பு வந்தபோது, தனக்கிருந்த போலீஸ் பாதுகாப்பு விலக்கிக்கொள்ளப்பட்டதைச் சொல்லி வரத் தயங்கினார். ஆட்சியராக இருந்தவருக்கே அப்படி என்றால் உங்கள் பாதுகாப்பு மனு சம்மன் வந்த வாரமே தயாராக வேண்டும்.

லஞ்ச வழக்கில் புகார்தாரர் பெரும்பாலும் இரண்டாம் சாட்சி. வழக்குத் தொடர அனுமதி கொடுத்த அதிகாரி முதல் சாட்சி. இடையில் சமாதானம் பேச ஆள் வரும். பிறழ்சாட்சி சொல்லச் சொல்வார்கள். புகார்தாரர் பிறழ்ந்தாலும் மற்றச் சாட்சியங்களைக் கொண்டு தண்டிக்க முடியும் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வே சொல்லிவிட்டது. ஆகவே மாற்றிச் சொல்வதால் அவர் தப்பிப்பது நிச்சயமில்லை, பொய்ச்சாட்சிக்கு நீங்கள் மாட்டுவதுதான் நடக்கலாம். சாட்சிக் கூண்டில் ஏறும் முன், விசாரணை அதிகாரியிடம் அன்று கொடுத்த வாக்குமூலத்தின் நகலை அரசு வழக்கறிஞரிடம் கேட்டு ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். நினைவில்லாததை நினைவில்லை என்றே சொல்லுங்கள். போய்வந்த பயணப்படியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கேட்காவிட்டால் யாரும் தரமாட்டார்கள்.